3186-ல் முடியும் நம்பர்

ஜெயம் யாரையும் நம்ப மாட்டாள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் ஒரு சொட்டைத் தரையில் விட்டு, அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் படிப்பாள். கோயிலில் அர்ச்சகர் தன் நட்சத்திரத்தைச் சரியாகச் சொன்னாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள்.

களம்பூர் ரைஸ் மில்லில் பதினெட்டு வருடமாக அவளுக்குச் சோறு போடுவதும் இந்தக் குணம்தான். மூட்டையில் குத்தூசியைச் செருகி எடுத்த ஒரு கை அரிசியைத் தட்டில் பரப்பி, கறுப்பு, கல், குருணை என்று விரலால் ஒதுக்கிப் பார்த்து, "இந்த லோடு ஆவாது" என்று சொல்வது அவள் வேலை. லாரிக்காரர்கள் எவ்வளவு குழைந்தாலும் அவள் முகம் இளகாது.

வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதரை மட்டும் அவள் தட்டில் பரப்பிப் பார்க்கவில்லை. அவள் கணவர் லோகநாதன்.

ஆரணியிலிருந்து அவள் காலை பஸ்ஸில் களம்பூருக்குப் போவாள். அவர் சைக்கிளில் சேவூருக்குப் போவார். அங்கே ஒரு முதலாளியின் தறிக்கூடத்தில் இருந்த ஆறு பட்டுத் தறிகளில் ஒன்று அவருடையது. கல்யாணமாகி இருபத்தேழு வருடம் ஓடியது. அந்தத் தறிக்கூடத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பகலில் ஃபோன் போட்டால் அவர் எடுக்க மாட்டார். கேட்டால், "தறியில குந்தினா லோகமே தெரியாது, ஃபோனா தெரியப் போவுது?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவள் நம்பினாள்.

போன ஆடி மாதம், ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். அவ்வளவுதான். தாலியைக் கழற்றிய கழுத்தோடு ஜெயம் எட்டு மாதத்தைக் கடத்திவிட்டாள்.

இருந்த ஒரு வீடு அவர் பெயரில் இருந்தது. "வீட்டு வரியில உன் பேர ஜல்தியா மாத்திடும்மா" என்று போளூரில் வாழ்க்கைப்பட்ட மகள் லாவண்யா ஃபோனில் நச்சரித்தாள். நகராட்சி இணையதளத்திலேயே மாற்றிவிடலாம் என்றார்கள். ஜெயத்துக்கு அதில் விருப்பமில்லை. எதிரே ஒரு மனிதன் இருந்தால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். கம்ப்யூட்டருக்கு முகம் ஏது?

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலை இ-சேவை மையத்துக்குப் போனாள். அதை நடத்தும் புஷ்பலதா நாற்பதைத் தாண்டியவள், அமர்ந்த குரல்.

"பேப்பர குடுங்கக்கா, ஸ்கேன் பண்ணணும்."

"நான் புடிச்சிகினு இருக்கேன். நீங்க பண்ணுங்க."

"நீங்க புடிச்சிகினு இருந்தா உங்க கையும் சேந்து ஸ்கேன் ஆவும்."

"ஆவட்டும்."

புஷ்பலதா பேனாவைக் கீழே வைத்தாள். "யக்கா, உங்க வீட்ட எழுதி வாங்கி நான் இன்னா பண்ணப் போறேன்? எனக்கே ஒரு வீடு ஒழுவுது, அத பாக்க ஆளு இல்ல."

அரை மனதோடு காகிதம் கை மாறியது. வரி எண்ணை அடித்ததும் திரையில் வீடு வந்தது. லோகநாதன் என்ற பெயரைப் பார்த்ததும் ஜெயத்தின் கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டாள், கலங்கிய கண்ணால் எப்படிக் கண்காணிப்பது?

"இப்ப ஒரு ஓடிபி வரும்க்கா. ஆறு நம்பரு. பாத்து சொல்லுங்க."

ஜெயம் தன் ஃபோனைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கணவரின் ஃபோனையும் ரீசார்ஜ் செய்து பையில் கொண்டுவந்திருந்தாள். அதிலும் வரவில்லை. புஷ்பலதா இரண்டாவது முறை அனுப்பினாள். மூன்றாவது முறை அனுப்பிவிட்டு, திரையை உற்றுப் பார்த்தாள்.

"இதுல பதிவு பண்ணி இருக்கற நம்பரு 3186-ல முடியுது. யாருதுக்கா?"

"எங்க வீட்ல அப்படி நம்பரே கெடையாது."

புஷ்பலதா தயங்கினாள். பிறகு பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள். "அண்ணன்கிட்ட வேற நம்பரு ஏதாச்சும் இருந்துச்சா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் ஜெயத்தின் நெஞ்சில் அது குத்தூசியைப் போல இறங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்க்காமல் இனி விடாது.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். கணவரின் ஃபோனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். பெயர் என்று எதுவுமில்லை. எல்லாம் ஒற்றை எழுத்து. முதலாளிக்கு மு. மகளுக்கு லா. அவளுக்கே ஜெ. கடைசியாக ஒரு கா. அதன் எண் 3186-ல் முடிந்தது.

யார் இந்த கா? உறவிலும் இல்லை, தெருவிலும் இல்லை. மனைவியோடு வாழ்ந்த வீட்டுக்கு இன்னொருவர் எண்ணை அரசாங்கத்திடம் கொடுப்பானேன்? சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைப் பார்த்தாள். பகலெல்லாம் ஃபோனை எடுக்காத மனிதர் அங்கிருந்து அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரே எட்டில் போய் அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள்.

பிறகு தன் ஃபோனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டாள். மணி நாலு முறை அடித்தது.

"அலோ, யாரு?"

பெண் குரல்! ஜெயம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"லோகநாதன தெரியுமா உனக்கு?"

"தெரியும். நீ யாரு?"

"நான் அவரு பொண்டாட்டி."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

எல்லாருமா? ஜெயம் எழுந்து நின்றாள். "எத்தினி பேருடி சொன்னாங்க?"

"டி போட்டுப் பேசாத. காலையில இருந்து மூணு ஓடிபி வந்து குந்திகினு இருக்குது. நீதான் அனுப்பிச்சியா? போன வாரம் ஒருத்தன் பேங்க்னான், அதுக்கு முன்னாடி ஒருத்தி லோகநாதன் சம்சாரம்னா. செத்த மனுசன் பேர சொல்லிக் கேட்டா எடுத்துக் குடுத்துடுவேனா? உனக்கு நம்பரு வேணும்னா நேர்ல வா. மூஞ்சிய பாத்துட்டு சொல்றேன்."

ஃபோன் துண்டிக்கப்படுவதற்கு முன்னால் பின்னணியில் ஒரு சத்தம் கேட்டது. டடக், டடக் என்று மரத்தில் மரம் இடிக்கும் சத்தம். அது தறி. அப்படியானால் தினமும் சைக்கிள் மிதித்துப் போன இடத்திலேயே!

ஷேர் ஆட்டோவில் சேவூர் போய்ச் சேருவதற்குள் ஜெயம் மனதுக்குள் அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் செய்து வைத்திருந்தாள். மூக்குத்தி, வாடாத மல்லி, மையிட்ட கண். பேச வேண்டிய வார்த்தைகளையும் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் பட்டால் தழும்பு விழும்.

தறிக்கூடம் ஓட்டுக் கட்டடம். ஐந்து தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தறியின் மேல் பழைய வேட்டி போர்த்திக் கிடந்தது. அது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலருகே தரையில், குறுக்கிழையான ஊடைக்கு நூல் சுற்றும் ராட்டையின் முன்னால் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாயம் போன நைட்டி, தோளில் துண்டு. கழுத்தில் தாலிக் கயிற்றோடு சேர்ந்து ஒரு துணிப்பை தொங்கியது; அதற்குள் ஒரு பட்டன் ஃபோன்.

"நீதானா கா?" என்றாள் ஜெயம்.

"என் பேரு காத்தாயி. நீதான் ஃபோன்ல கத்தினவளா? அண்ணன் பொண்டாட்டின்னா ஒண்ணு சொல்லு. அவரு வலது காலு எப்படி இருக்கும்?"

"ரெண்டாவது வெரலு கட்டவெரலு மேல ஏறிகினு இருக்கும்" என்று சொன்ன ஜெயம் மறு நொடியே பாய்ந்தாள். "என் புருசன் காலு உனக்கு எப்படிடி தெரியும்?"

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. காத்தாயி சிரித்துவிட்டாள்.

"தரையில குந்திகினு இருக்கறவளுக்குக் காலுதான் தெரியும், அண்ணி. இங்க இருக்கற ஆறு பேரு காலும் எனக்கு மனப்பாடம். வேணும்னா மீதி அஞ்சையும் சொல்லட்டா?"

தறிக்குழிக்குள் காலை விட்டிருந்த ஒருவர் அவசரமாகச் சொன்னார். "என்னத சொல்லாத காத்தாயி, நகம் வெட்டல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயம் சிரிக்கவில்லை. "என் வீட்டு வரிக்கு உன் நம்பரு இன்னாத்துக்கு?"

காத்தாயி ராட்டையை நகர்த்தி வைத்துவிட்டு விளக்கினாள். நாலைந்து வருடம் முன்பு, தறியில் ஓடிக்கொண்டிருந்த புது டிசைனை யாரோ ஃபோனில் படம் பிடித்து அனுப்பிவிட, புடவை கடைக்குப் போவதற்குள் வேறு முதலாளி வீட்டில் அதே புடவை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து நெய்பவர்கள் காலையில் ஃபோனை முதலாளி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் தறியில் உட்கார வேண்டும். கேமரா இல்லாத காத்தாயியின் ஃபோன் ஒன்றுக்குத்தான் உள்ளே அனுமதி. காஸ், ரேஷன், வீட்டு வரி என்று எங்கே நம்பர் கேட்டாலும் ஆறு பேரும் அவள் நம்பரையே கொடுத்தார்கள். மெசேஜ் வந்தால் அவள் ராட்டையைச் சுற்றிக்கொண்டே உரக்கப் படிப்பாள்.

கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் லாரிக்காரர்கள் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். ஜெயம் கையை நீட்டினாள்.

"ஃபோன குடு. நான் பாக்கணும்."

காத்தாயியின் முகம் மாறியது. கை துணிப்பையை மூடிக்கொண்டது. "மத்தவங்களுதும் இருக்குது அண்ணி."

"பயமா?"

"பயம்தான்" என்றாள் காத்தாயி. சிரிப்பு போய்விட்டிருந்தது. சிறிது நேரம் ஜெயத்தின் முகத்தையே பார்த்துவிட்டு, லோகநாதன் பெயரில் வந்தவற்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். "பாருங்க. உங்களுக்கு உண்டானதுதான்."

ஜெயம் தரையில் உட்கார்ந்து படித்தாள். சிலிண்டர் கொண்டுவரப்பட்டது. சர்க்கரை, பாமாயில் வாங்கப்பட்டது. வீட்டு வரி செலுத்தப்பட்டது. மறுபடி சிலிண்டர். அரிசியில் கறுப்பு பொறுக்குகிற விரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனது. ஒன்றிலும் கள்ளம் இல்லை. அவள் மூச்சு சீராகத் தொடங்கியபோது விரல் நின்றது.

அரசு ஆஸ்பத்திரி. இதய நோய்ப் பிரிவு. லோகநாதன், வயது 54. ஆனி மாதத்தில் ஒரு தேதி.

அதற்குக் கீழே இன்னொன்று. வரத் தவறியதால் வேறு தேதி.

"இது இன்னா?" என்று ஃபோனைக் காத்தாயி பக்கம் திருப்பினாள்.

காத்தாயி லோகநாதனின் தறி மேல் கிடந்த வேட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "தறியிலயே ரெண்டு வாட்டி நெஞ்ச புடிச்சிகினாரு. நான்தான் திட்டி பேர் குடுக்க வெச்சேன். மொதோ தேதி அன்னிக்கு முகூர்த்தப் புடவைய தறியில இருந்து அறுத்துக் குடுக்கணும்னு போவல. ரெண்டாவது தேதிக்குள்ள..."

"என்கிட்ட சொல்லலியே."

"ஜெயம் பயந்துக்குவா, சொல்லாதன்னாரு."

"நீ சொல்லி இருக்கலாமேடி!" ஜெயம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு ஃபோன் போட்டிருந்தா இழுத்துகினு போயிருப்பேனே!"

காத்தாயி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. "போட்டேன் அண்ணி. அவரு ஃபோன்ல நம்பர பாத்து எழுதிகினு வந்து, ஒரே நாள்ல ரெண்டு வாட்டி போட்டேன். மொதோ வாட்டி எடுக்கல. ரெண்டாவது வாட்டி கட் பண்ணிட்டீங்க."

ஜெயத்துக்கு ஞாபகம் வந்தது. மில்லில் மதியச் சாப்பாட்டு நேரம். தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. பக்கத்தில் இருந்தவளிடம் காட்டி, "ஏமாத்துக்காரனுங்க வேற வேலையில்லாம பேஜார் பண்றானுங்க" என்று சொன்னாள். மறுபடி அடித்தபோது துண்டித்துவிட்டு, அன்று முழுக்கத் தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

அழுகை அப்போதுதான் வந்தது. எட்டு மாதமாக அழுததெல்லாம் வேறு, இது வேறு. அந்த மூடிய தறியின் மேல் தலையை வைத்துக்கொண்டு, "நான் எடுக்கலியே, நான் எடுக்கலியே" என்று அரற்றினாள். ஐந்து ஆண்களும் தறிக்குழியில் நின்றபடி தலை குனிந்திருந்தார்கள். காத்தாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, முதலில் முகத்தைத் துடைத்துவிட்டு, பிறகு குடிக்க வைத்தாள்.

அன்று மாலையே ஜெயம் இ-சேவை மையத்தில் மறுபடி உட்கார்ந்தாள். ஓடிபி அனுப்பியதும் காத்தாயியைக் கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்றேன். மொதல்ல நீங்கதானான்னு தெரியணும்" என்றது காத்தாயியின் குரல்.

"மத்தியானம் உன் முன்னாடிதானேடி அழுதுகினு இருந்தேன்!"

"சரி, கோவத்துலயே தெரிஞ்சிபோச்சு. எழுதிக்கங்க."

ஆறு எண்ணும் சரியாக விழுந்தது. இந்த முறை புஷ்பலதா கேட்ட காகிதங்கள் மறுபேச்சில்லாமல் கை மாறின. விண்ணப்பதாரர் பெயர் இருந்த இடத்தில், லோகநாதன் மனைவி ஜெயம் என்று ஏறியது.

"ரெண்டு மூணு வாரத்துல மாறிடும்க்கா. அப்படியே மொபைல் நம்பரயும் மாத்திடலாம். உங்க நம்பர சொல்லுங்க."

ஜெயம் திரையைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த தன் ஃபோனைப் பார்த்தாள்.

"மாத்த வேணாம்."

"யக்கா, அது வேற யாரோ ஒருத்தர் நம்பரு. உங்க வீட்டு விசயம் எல்லாம் அங்க போவும்."

"போவட்டும்" என்றாள் ஜெயம். "என் நம்பருக்கு வந்தா நான் எடுக்க மாட்டேன். அவ எடுப்பா."