பாயம்மா வீட்டு நம்பர்

பாயம்மா வீட்டுத் தொலைபேசி கூடத்து அலமாரியின் மேல் தட்டில், பூப்போட்ட கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். பாத்திரக் கடை வைத்திருந்த பாயின் மனைவி என்பதால் அவர் எல்லோருக்கும் பாயம்மா. கல்யாணப் பத்திரிகையானாலும் வேலைக்கு எழுதிப் போடும் விண்ணப்பமானாலும் அவர் நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டுவிடுவோம். அவரிடம் கேட்டுக்கொண்டா போட்டோம்? எல்லோரும் போட்டார்கள், நாங்களும் போட்டோம்.

போன மாதம் அந்த நம்பர் மறுபடி நினைவுக்கு வரக் காரணம் மெக்சிகோ. சென்னையில் கால் சென்டர் ஒன்றில் இருந்தபோது கம்பெனி செலவில் கற்ற ஸ்பானிஷ்தான் இப்போது வீட்டிலிருந்தபடியே எனக்குச் சோறு போடுகிறது. அந்த ஊர்த் தொலைபேசிச் சேவைச் சொற்களை ஆங்கிலத்தில் ஆக்கித் தரும் வேலை. இணைப்புத் துண்டிப்பு, மறு இணைப்பு, அழைப்பைத் திருப்பிவிடுதல் என்று மளமளவென்று போய்க்கொண்டிருந்தபோது ‘தெலெஃபோனோ பாரா ரெகாதோஸ்’ என்று ஒன்று வந்து நின்றது. சேதி சொல்வதற்கான தொலைபேசி. சொந்தமாக போன் இல்லாதவர்கள் தெரிந்தவர் வீட்டு நம்பரைக் கொடுப்பார்களே, அதுதான். அட, அங்கேயும் பி.பி.யா என்று நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டேன். மாற்று எண் என்று போட்டால் அதுவும் நம்முடைய போன் என்றாகிவிடும். அவசரத் தொடர்பு என்றால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது. கடைசியில் ‘மெசேஜ் நம்பர்’ என்று போட்டு அனுப்பினேன். சொல்லில் தவறில்லை. ஆனால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொளுத்தும் வெயிலில் தெருக்கோடிவரை நடந்துபோகிற ஒரு மனுஷி அதில் இல்லையே என்று மனசு ஆறவில்லை.

மணி அடித்தால் பாயம்மா எடுத்து, “பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க, கூப்ட்டாறேன்” என்று வைத்துவிட்டுப் புறப்படுவார். கூப்பிடப்பட்டவர் ஈரக் கையோடு ஓடிவந்து போனை எடுத்ததும் இவர் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பிப்பார். உங்கள் பேச்சை நான் கேட்கவில்லை என்பதற்கு அந்தச் சத்தம்தான் அத்தாட்சி. கடையில்தான் நாள் முழுக்க இந்த இரைச்சல் என்றால் வீட்டிலுமா என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார். ஆள் வெளியூர் போயிருந்தால் சேதியை வாங்கி வைத்திருந்து, வந்ததும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். ஒரு வீட்டுச் சங்கதி இன்னொரு வீட்டுக்குப் போனதே இல்லை. அதனால்தான் தெரு அவரை அப்படி நம்பியது.

என் அக்காவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை குடிப்பார், கை நீட்டுவார் என்பதெல்லாம் எங்களுக்கு அரசல்புரசலாகத் தெரியும். அக்கா போன் செய்யும்போதெல்லாம் அம்மா ஓட்டமும் நடையுமாகப் போய், கடைசியில் “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, நான் கல்லூரியில். வாழாவெட்டி என்ற சொல்லுக்கு அவள் அவ்வளவு பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாயம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் வாசலில் நின்று குரல் கொடுக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். “ஒம் பொண்ணு போன் பண்ணுச்சும்மா. வந்து கூட்டிகினு போவச் சொல்லுது. இன்னிக்கே வரச் சொல்லுது” என்றார். அம்மா, “எம் பொண்ணே வாயத் தொறந்து கேட்டுட்டாளா?” என்றாள். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவோடு திருப்பூருக்குக் கிளம்பினார். மறுநாள் மத்தியானம் அக்கா வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. எலும்பு முறிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் திரும்பிப் போகவில்லை. மேலே படித்து, சுரங்கக் கம்பெனி நகரியத்தில் ஒரு பள்ளியில் டீச்சரானாள்.

மெக்சிகோ விஷயத்தைச் சொல்லலாம் என்று பாயம்மாவைப் பார்க்கப் போனேன். பாய் இப்போது இல்லை. மகன் குடும்பத்தோடு பாயம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். “அங்கயும் என்ன மாரி ஒருத்தி நடந்துகினு இருக்காளா?” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “ஒரே ஒரு சேதிய மட்டும் மாத்திச் சொல்லிட்டேன் தம்பி. ஒங்க வூட்டு சேதிதான்” என்றார். அன்று அக்கா கேட்டது அதுவல்லவாம். நல்லா இருக்கேன்னு அம்மாகிட்டச் சொல்லிடுங்க, அவ்வளவுதானாம்.

“எப்பப் போன் பண்ணாலும் அம்மாவக் கூப்டுங்கன்னுதான் சொல்லும். அன்னிக்குக் கூப்ட வேணாம்னுச்சு. பெத்தவ கொரலு கேக்க வேணாம்னு எந்தப் பொண்ணாவது சொல்லுமா? அழுதுடுவோம்னு பயந்துகினுதான சொல்லுது? நான் சொன்னது தப்பாப் போயிருந்தா, நல்லா வாழ்ந்த பொண்ண அத்துவுட்டவ இவதான்னு தெருவே காறித் துப்பியிருக்கும். மறுநா அது பஸ்ஸ வுட்டு எறங்குற வரிக்கும் எனக்குச் சோறு எறங்கலப்பா.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதை அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தது. வாய் திறந்து கேட்காமலே அம்மா புரிந்துகொண்டு வந்தாள் என்று அவள் இத்தனை வருஷமும் நினைத்திருப்பாளே, அதைப் போய்க் கெடுப்பானேன்? அம்மா போய்ச் சேர்ந்தும் ஐந்தாறு வருஷமாகிவிட்டது. ஆனாலும் மனசு கேட்காமல், திருப்பூரிலிருந்து அன்று அவள் என்ன சொன்னாள் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். மாடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“பாயம்மா சொல்லிட்டாங்களா? எனக்கு அன்னிக்கே தெரியும்டா. அந்தாளு பூத் கதவுகிட்டயே நின்னுகினு இருந்தான், நான் என்னத்தக் கேக்கறது? அம்மா தானாத் தெரிஞ்சுக்கறதா இருந்தா மூணு வருசம் வுட்டு வச்சிருக்குமா?”

அவள் குரலில் கோபம் இல்லை. அம்மாவிடம் ஏன் கடைசிவரை இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எம் பொண்ணு ஒரு வார்த்த கூப்ட்டா, ஒடனே ஓடிப் போய்க் கூட்டியாந்துட்டேன்னு போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் அது சொல்லிகினு இருந்துச்சுடா. எப்பிடிச் சொல்றது?”