எந்தக் காம்ப்?

ஷார்ஜாவில் வந்திறங்கிய அன்று அப்பா வீட்டுக்கு எடுத்த முதல் அழைப்பில் சொன்னது இவ்வளவுதான்: "காம்புக்குக் கொண்டு வந்திட்டாங்கள். பயப்படாதேங்கோ."

அம்மா போனை என் மடியில் போட்டுவிட்டு முற்றத்தில் குந்திக் குழறத் தொடங்கினார். வன்னியில் காம்ப் என்றால் ஆமியின் காம்ப். இயக்கத்தில் இருந்தவர்கள் தங்களுடைய இடத்தை பேஸ் என்பார்கள். அப்பா பேஸில் பதினாலு வருடம் இருந்தவர். சண்டை முடிந்த பிறகு இரண்டு வருடம் ஆமியின் தடுப்பு முகாமில் இருந்தவர். மறுபடியும் பிடித்துவிட்டார்கள் என்றுதான் அம்மா நினைத்தார்.

"எந்தக் காம்ப் அப்பா?" என்று நான்தான் கேட்டேன்.

"வேலையாக்கள் படுக்கிற இடம் பிள்ளை. இஞ்ச அதுக்கும் காம்ப் எண்டுதான் பேர்."

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அதுவரை அப்பா என்றால் லீவில் வருகிறவர். பேஸிலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் லீவு. அதன் பிறகு ஷார்ஜாவிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு. ஒரே கூரையின் கீழ் நாங்கள் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்பு, அம்மா அதுவும் இல்லை. நான் பட்டமும் எடுத்து, இதே ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பனியில் வரைபடம் பார்த்து அளவு கணக்கிடும் வேலைக்கு வந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. முவைலாவில் ஒற்றை அறை வீடு எடுத்தபோது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். தொழில்பேட்டையில் இருக்கும் காம்பை விட்டு அப்பா என்னோடு வந்து இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வீடு.

பெருநாளுக்கு மூன்று நாள் விடுமுறை வந்தது. ஒரு தோள்பையோடு வந்து நின்றவர், "மூண்டு நாள் லீவு தந்திருக்கிறாங்கள்" என்றார். மகள் வீட்டுக்கு வருவதும் லீவுதான்.

அவருக்கென்று கட்டில் வாங்கியிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் கட்டிலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இரவு கதவோரம் தரையில்தான் படுத்திருக்கிறார். போர்வையைச் சதுரமாக மடித்து, அதன்மேல் தலையணையை வைத்துவிட்டு, தேநீரும் போட்டு முடித்திருந்தார். கதவருகே அவருடைய செருப்புகள் வெளியே பார்த்தபடி நேராக நின்றன.

"ஏனப்பா செருப்பை இப்பிடி வைக்கிறீங்கள்?"

"விசில் அடிச்சா குனிஞ்சு தேடக்கூடாது. காலை விட்டிட்டு ஓடோணும்."

"இஞ்ச ஆர் விசில் அடிக்கிறது?"

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியாதே."

அவர் குளித்துவிட்டு வர மூன்று நிமிடமும் ஆகவில்லை. நான் சிரித்ததும் அவருக்குக் கதை வந்தது. பேஸில் தண்ணீர் வண்டி வரும் நாளில் குளிப்பதற்கும் விசில்தானாம். முதல் விசிலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இரண்டாவதுக்குச் சவர்க்காரம், மூன்றாவதுக்குக் கழுவ வேண்டும், நாலாவதுக்கு வெளியே.

"ஒருநாள் பொறுப்பாளருக்கு இருமல். இருமலோட சேத்து மூண்டையும் நாலையும் ஒண்டா ஊதிப்போட்டார். சவர்க்காரம் காய்ஞ்ச உடம்போட போய் சென்ரியில காவலுக்கு நிண்டன். ரெண்டு மணித்தியாலம். அசையவும் ஏலாது, சொறியவும் ஏலாது."

"அந்த நேரம் ஆமி வந்திருந்தா?"

"வந்திருந்தா நல்லது. சொறிஞ்சிருக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்பாவோடு அப்படிச் சிரித்த நாள் வேறொன்று எனக்கு நினைவில் இல்லை. பிறகு அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பின்னேரத்தில எல்லாரும் குந்தியிருந்து கிழிஞ்ச உடுப்புத் தைப்பம். அப்ப ஒருத்தன் கேப்பான், இப்ப உன்ர வீட்டில என்ன நடக்கும் எண்டு. ஒவ்வொருத்தரும் சொல்லோணும். ஒருத்தன் அம்மா புட்டு அவிப்பா எண்டுவான். இன்னொருத்தன் மாடு கட்டுவினம் எண்டுவான்."

"நீங்கள்?"

"மகள் நித்திரை எண்டுவன். எப்ப கேட்டாலும் அதுதான். பட்டப்பகல்லயும் அதையே சொல்லுறன் எண்டு பெடியள் பகிடி பண்ணுவாங்கள். நான் லீவில வந்து பாத்த நேரமெல்லாம் நீ நித்திரைதானே."

அந்தப் பெடியன்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வந்தது வேறு.

"அப்பா, இஞ்சயே இருங்கோவன். உங்கட கம்பனி பஸ் இந்த ரோட்டாலதானே போகுது."

"அங்க அறையில எட்டுப் பேர் பிள்ளை. ஒருத்தன்ர குறட்டை நிண்டாலே நான் எழும்பிப் பாப்பன். இஞ்ச ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமா இருக்கு."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. காம்ப் அறையில் கூட இருக்கும் தஞ்சாவூர்க்காரர். குரல் எனக்கும் கேட்டது.

"அண்ணே, பொண்ணு வீட்டுச் சோறு ருசியாயிடுச்சா? ஒங்க பெட்டுல வெங்காய மூட்டைய வச்சாச்சு, பாத்துக்குங்க!"

"டேய், வந்தனெண்டா மூட்டையோட உன்னையும் வெளியில எறிவன்!"

அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. முன்பின் பார்க்காத அந்த அறைக்காரர்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் பையைத் தோளில் போட்டு, வேலைச் சப்பாத்தின் நாடாவை இறுக்கினார். செருப்புகள் கதவருகே அப்படியே நின்றன.

"செருப்பை விட்டிட்டுப் போறீங்கள்."

"தெரியும். கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வருவன்."

"லீவு தருவாங்களோ?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

லிஃப்ட் வரை நடந்தவர் திரும்பிப் பார்த்தார். "லீவு என்னத்துக்கு? சும்மா வாறன்."

செருப்புகள் இன்னும் வெளியே பார்த்தபடிதான் நிற்கின்றன. கூட்டும்போது அவற்றைச் சுற்றிக் கூட்டுகிறேன்.