கன்றுக்குக் கொடுத்ததை என் மகளுக்கும் கொடுத்தாள் அம்மன்

எட்டுக்கை அம்மனை நம்பி மலையேறி வந்திருக்கும் எல்லோருக்கும் என் கும்பிடு. நான் இதே மலையில் இருக்கிற எடப்புளி நாட்டுக்காரி, பேர் பொன்னாயி. என் மகள் உயிரோடு இருப்பதற்கு அம்மன்தான் காரணம். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

அவளுக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் பேர் வைப்பதற்குள் போய்விட்டன. பிறக்கும்போது நன்றாகத்தான் அழுதன. பிறகு தொப்புள் சிவந்து சீழ் வைத்தது. உடம்பு கொதித்தது. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான். இரண்டாவதைப் புதைத்த அன்று நான் அம்மனிடம் சண்டையே போட்டேன். "எட்டுக் கை வெச்சிருக்கியே தாயி, எம்புள்ளையப் புடிக்க ஒரு கை கூடவா மிச்சமில்ல?" என்று கத்தினேன். இனிக் கோயில் பக்கமே வரமாட்டேன் என்றும் சொன்னேன். மூன்றாவது வயிற்றில் தங்கியதும் ரோஷமெல்லாம் பறந்துவிட்டது. "இத மட்டும் காப்பாத்து தாயி. நான் என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்று தினமும் கெஞ்சினேன்.

யுத்தம் நடந்து, மண்ணெண்ணெய்க்கு எல்லோரும் திண்டாடிய காலம் அது. சாமை அறுப்பு முடிந்த ஒரு காலையில், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய குடிசையில் மகள் பிறந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு முதலில் மஞ்சளாக, கெட்டியாகப் பால் வருமே, அதைக் கெட்ட பால் என்று எங்கள் ஊரில் மண்ணில் பீய்ச்சிவிடுவார்கள். வெள்ளைப் பால் இறங்கும்வரை பிள்ளைக்குத் தேன் தண்ணீரில் நனைத்த துணிதான். முதல் இரண்டுக்கும் அப்படித்தான் செய்தோம். மருத்துவச்சி காத்தாயி அத்தை இந்தத் தடவையும் துணியை நனைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கறுப்புப் பசு கன்று போட்டது. குடிசைக்கும் கொட்டகைக்கும் நடுவிலிருந்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கன்றை மடியில் முட்டவிட்டுக்கொண்டே பதறினார்.

"குடி சாமி, குடி! சீம்பால் உள்ள போகலீன்னா கழிஞ்சே செத்துப் போயிருவ!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது! எனக்குப் புரிகிற பாஷையில், மாட்டுக் கொட்டகையில் நின்று அம்மன் சொல்கிறாள்.

"ஏனுங்க, கன்னுக்கு உசிரு குடுக்கிற பாலு எம்புள்ளைக்கு மட்டும் வெசமாங்க?" என்று இங்கிருந்தே கேட்டேன்.

"வேண்டாங் கண்ணு, வழக்கத்த மீறாத" என்றாள் அத்தை.

"வழக்கப்படி ரண்டு புள்ளையப் பொதைச்சாச்சுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு மகளை மாரோடு அணைத்துக்கொண்டேன்.

"அம்மன் பேரச் சொல்லிக் குடு புள்ள" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

சில நாளில் தொப்புள் லேசாகச் சிவந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தாயே, நீ சொல்லித்தானே குடுத்தேன்" என்று அழுதபடி மகளை மாரிலிருந்து எடுக்காமலே வைத்திருந்தேன். அவளும் விடவில்லை, அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு குடித்தாள். சிவப்பு பரவவில்லை. மெல்ல அடங்கியது. கொடி காய்ந்து உதிர்ந்தது. என் பிள்ளைக்குப் பேர் வைத்தோம்! நான் போட்ட குலவை தூரத்திலிருக்கும் செம்மேட்டு ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிற்பாடு மலைக்கு வந்த நர்ஸம்மா ஒருவர் விளக்கிச் சொன்னார். பிறந்த பிள்ளைக்குக் கிருமியோடு மல்லுக்கட்டச் சொந்தப் பலம் குறைவாம். தாய் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தி அந்த முதல் பாலில் நிறைய இறங்கி, பிள்ளைக்குக் காவல் நிற்குமாம். இருக்கட்டும். அந்தக் காவலை அதில் வைத்தது யார்? என் அம்மன்தான்.

இன்று எங்கள் ஊரில் அந்தப் பாலை யாரும் கீழே விடுவதில்லை. காத்தாயி அத்தையே, "மொதல்ல புள்ளைய மாருல போடு" என்று அதட்டுகிறாள். தாய்மாரே, அம்மனை நம்புங்கள். பிள்ளையோடு சேர்த்து அவள் அனுப்புவதைப் பிள்ளைக்கே கொடுங்கள். என் பேச்சு போதாதென்றால் அங்கே பாருங்கள், பொங்கல் பானையைச் சுற்றி யாருக்கும் அடங்காமல் ஓடுகிறாளே, அவள்தான் என் மகள்.