‘சற்று முன்னேற்றம்’ என்று எழுதினேன்

பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், குடும்ப மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வரும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். ஆள் பற்றாக்குறையால் ஒரு வருடத்துக்கு மேலாக இரண்டு பேருடைய வேலையைத் தனியே செய்தவர். ஒரு நாள் காலை வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து இறங்க முடியாமல், கடைசித் தரிப்பிடம் வரை அழுதுகொண்டே போயிருக்கிறார். அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார்.

"டொக்டர், ஒரு கிழமைக்குக் கிராங் எழுதித் தாங்கோ. பிறகு வேலைக்குப் போயிடுவன்."

அந்த ஒரு வாரம் போதவில்லை. மனச்சோர்வு என்று எழுதி, இங்கே எங்கள் ஆட்கள் ‘கிராங்’ என்று சொல்லும் நோய் விடுப்பை நீட்டிக்கொண்டே போனேன். உளவியல் சிகிச்சைக்கு ஐந்து மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். ஆறு கிழமை கழிந்ததும் முதலாளி சம்பளத்தை நிறுத்த, நோய்க் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்கியது. கூடவே தொலைபேசி அழைப்புகளும் தொடங்கின.

"கிழமைக்குக் கிழமை எடுக்கினம். எப்ப வேலைக்குப் போறியள் எண்டு கேக்கினம். நான் நடிக்கிறன் எண்டு நினைக்கினமோ?"

"நீங்கள் போனை எடுக்காதேங்கோ அக்கா. எழுத்தில கேக்கச் சொல்லுங்கோ."

எழுத்தில் என்னிடம் கேட்டார்கள். படிவம் வந்த வாரம், அவர் மறுபடி சமைக்கத் தொடங்கியதாகச் சொல்லியிருந்தார். எனக்குச் சந்தோஷம். "சற்று முன்னேற்றம், ஆனால் இன்னும் வேலை செய்யும் நிலையில் இல்லை" என்று எழுதி அனுப்பினேன்.

மூன்று கிழமையில் காப்புறுதியிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. வரும் திங்கள் முதல் அவர் வேலை செய்யலாம் என்று அவர்களுடைய மருத்துவர் முடிவு செய்துவிட்டாராம். என் வசனத்தின் முதல் பாதியை மட்டும் அதில் எடுத்துப் போட்டிருந்தார்கள். உடனே தொலைபேசி எடுத்தேன்.

"உங்கள் மருத்துவர் இவரை நேரில் பார்த்தாரா?"

"கோப்பே போதுமானதாக இருந்தது" என்றார் அங்கிருந்த பெண். குரலில் கோபமோ வெட்கமோ இல்லை.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆட்சேபக் கடிதம் எழுதினேன். முடிவு வரும்வரை வீட்டில் இருக்கும்படி அக்காவிடம் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

"வேலை போயிடும் டொக்டர். ஏலாது எண்டு சொல்லவே இப்ப பயமாக் கிடக்கு."

திங்களன்று போனார். நான்காம் நாள் இரண்டு முதியவர்களின் மாத்திரைகளை மாற்றி வைத்துவிட்டார். கொடுப்பதற்கு முன் தானே கண்டுபிடித்து, அப்படியே மருந்து அறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கூட வேலை செய்பவர்தான் அழைத்து வந்தார். அன்றே மனநல மருத்துவமனையில் சேர்த்தோம்.

என் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டதாக இரண்டு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. அதைக் கசக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. கோப்பில்தான் வைத்தேன்.

அவர்கள்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலும்தான். இப்போதெல்லாம் யாராவது கொஞ்சம் தேறினாலும் படிவத்தில் அதை எழுதக் கை வருவதில்லை. "மாற்றமில்லை" என்று எழுதுகிறேன். அது உண்மையில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அக்கா மருத்துவமனையிலிருந்து வந்தபின் முதல் தடவை என்னிடம் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். என் மேசையிலிருந்த காப்புறுதிப் படிவங்களைப் பார்த்தார்.

"சொன்னால், அவைக்கு எழுதுவியளோ?"