சேர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி

கல்யாண போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று நான் சொன்னதும் ஃபைல்காரர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார்.

விசாவுக்கு ஃபைல் தயார் செய்து தருகிறவர் என்பதால் அவரை ஃபைல்காரர் என்றே சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் ஆபீஸ். என் வீட்டுக்காரர் வெளிநாடு போய் அப்போது இரண்டு வருஷம் முடிந்திருந்தது. ஒரகடத்தில் பார்த்த அதே மெஷின் மெயின்டனன்ஸ் வேலைதான், ஐரோப்பாவில் ஒரு ஊரில். எந்த நாடு என்று எழுதமாட்டேன், யாரையும் வம்புக்கு இழுக்க எனக்கு இஷ்டமில்லை. குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவருக்கு அங்கே அனுமதி வந்துவிட்டது. எனக்கும் ஏழு வயது மகளுக்கும் நீண்டகாலக் குடியிருப்பு விசா வாங்க வேண்டும். கிடைத்தால் மூன்று பேரும் அங்கேயே ஒன்றாக இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் இவள் அப்பாவை செல்போனுக்குள்ளேயே பார்த்து வளர்வாளோ.

"இன்னாக்கா, ஆல்பம்னு ஒண்ணு இல்லியா?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கினோம் தம்பி. ரெண்டு வூட்லயும் யாரும் வரல. சாட்சிக் கையெழுத்து போட்டவருதான் போட்டோவும் புடிச்சாரு."

நான் இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மகளின் பிறந்தநாள் போட்டோக்கள் இருந்தன. ஒன்றில் நானும் அவளும், இன்னொன்றில் அவரும் அவளும். கேக் ஒன்றுதான். ஒரு படத்தில் பாதியாக இருந்தது, இன்னொன்றில் முழுசாக. மூன்று பேரும் இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. ஃபைல்காரர் என் போனை வாங்கி எங்கள் வாட்ஸ்அப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மோட்டார் போடு. பாப்பாவுக்குச் சளி, தலைக்கு ஊத்தாத. மாவு ஃப்ரிட்ஜ்ல. கேஸ் வந்துடுச்சு. எவ்வளவு தள்ளினாலும் இதுதான்.

"லவ்வு ஒண்ணும் காணோமேக்கா," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க லவ்வு மாவுலதான் கீது. அத்த ஃபைல்ல வெக்க முடியுமா பாரு," என்றேன்.

என் கம்பெனியில் எனக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். அவர் கம்பெனியில் அவருக்கு மதியம் மூன்றரை மணி ஷிஃப்ட். மகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அதனால் வாராவாரம் ஷிஃப்ட் மாற்ற வேண்டாம், எங்களை இப்படியே விட்டுவிடுங்கள் என்று அவரவர் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஏற்பாடு அது. அவர் வேலை முடிந்து வரும்போது நான் தூக்கத்தில் இருப்பேன். நான் கிளம்பும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். மதியம் இரண்டே முக்காலுக்குச் சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் என் கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும். அதே ஸ்டாப்பில் தன் கம்பெனி பஸ்ஸுக்காக அவர் மகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார். நடுவில் நாலைந்து நிமிஷம் கிடைக்கும். சாப்பிட்டாள், தூங்கவில்லை, முழங்காலில் அடி, மருந்து போட்டாச்சு என்று ஷிஃப்ட் ஒப்படைக்கிற மாதிரியே சொல்வார். பிள்ளை கை மாறுவதற்குள் அவர் பஸ் வந்துவிடும். எனக்கு ஞாயிறு லீவு. மெஷின்கள் நிற்பது ஞாயிறன்று என்பதால் மெயின்டனன்ஸ்காரருக்கு அன்றைக்குத்தான் முழு வேலை; அவருக்கு வரும் வார லீவும் ஓவர்டைமில் போய்விடும். ஐந்து வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அவர் வெளிநாடு போனபிறகு, நான் வேலையிலிருந்து வரும்வரை மகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காசு கொடுத்தேன்.

ஃபைல்காரரிடமிருந்து வீட்டுக்கு வந்தும் எனக்கு உட்கார முடியவில்லை. துணி மடித்தேன். மடித்ததையே கலைத்து மறுபடியும் மடித்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பெனி எச்.ஆருக்கும் அலைந்து, ஐந்து வருஷமும் எங்களுக்கு என்ன ஷிஃப்ட் என்று எழுதி சீல் வைத்த லெட்டர் வாங்கினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் நேரம் முடிகிற இடத்தில் அவர் நேரம் தொடங்கும். பிள்ளையை ஒரு நாள்கூடத் தனியாக விட்டதில்லை என்பதற்குச் சீல் வைத்த சாட்சி. இதைவிட ஒரு குடும்பத்துக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஃபைல்காரருக்கும் பிடித்துவிட்டது. "சீலெல்லாம் கெத்தா கீதுக்கா," என்று அவற்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

நேர்காணல் சென்னையில். சிங்கப்பெருமாள் கோவிலில் மகளோடு ரயில் ஏறினேன். வழியெல்லாம் கண்ணாடிக் கவர் போட்ட ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கவுன்ட்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசுகிற ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம்தான். முதலில் லெட்டர்களை எடுத்து இது எதற்கு என்று கேட்டார். நான் பெருமையாக விளக்கினேன். அவர் இரண்டையும் நிதானமாகப் படித்தார், பென்சிலால் ஓரத்தில் ஏதோ குறித்தார்.

"அப்போ இதுப்படி பார்த்தா, அஞ்சு வருஷமா நீங்க ரெண்டு பேரும் வீட்ல ஒண்ணா முழிச்சு இருந்ததே இல்ல. அப்படித்தானேம்மா?"

அவர் சொன்னது அத்தனையும் அந்தத் தாளில் இருந்தது. நானே அலைந்து, நானே சீல் வாங்கி, நானே கொண்டுவந்து நீட்டியிருக்கிறேன்.

"உங்க கணவர் காலைல எழுந்ததும் முதல்ல என்ன பண்ணுவார்?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் ஃபைல்காரர் பதில் சொல்லிக்கொடுத்திருந்தார். காபி குடிப்பார், பேப்பர் படிப்பார் என்று அடித்துவிட வேண்டியதுதான். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியாதுங்க. அப்ப நான் கம்பெனி லைன்ல வேலைல இருப்பேன்."

"சரி, வேற என்ன தெரியும் அவரைப் பத்தி? சொல்லுங்க."

அதில்தான் என் பொறுமை போனது. "கொழம்புல கீற உருளைக்கெழங்க எல்லாம் எனக்கு ஒதுக்கிட்டு, வெறும் கொழம்ப ஊத்திக்கினு சாப்புடுவாருங்க," என்றேன்.

"பார்த்திருக்கீங்களா?"

"சட்டியத் தொறந்தா தெரியாதாங்க? எல்லாத்தையும் பக்கத்துல நின்னு பாத்தாத்தான் தெரியுமா? என் செருப்பு வாரு அந்துட்டா, காலைல நான் பாக்கறப்பவே தெச்சு வெச்சிருக்கும். நான் ஒரு வார்த்த சொன்னது கெடையாது. கோவம் வந்தா அந்த மனுசன் மாவு டப்பாவ மூடமாட்டாரு. தொறந்து கெடந்துச்சுன்னா, ஓகோ, நேத்து நம்ம பேசுனது தப்புன்னு நான் தெரிஞ்சுக்குவேன். இத்த எந்தக் கம்பெனில போய் நான் சீல் வாங்குறது?"

என் சத்தத்துக்கு அடுத்த கவுன்ட்டர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அந்த அம்மா நிறைய எழுதினார். பிறகு போகலாம் என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ரயிலில் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரிடம் போனில் நல்லா போச்சு என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைக்க வேண்டும். டீ பிரேக்கில் கேட்டுக்கு ஓடி, விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்காமலே ஓடிவருவேன். எனக்கு வேலை இன்ஸ்பெக்ஷன், கீறல் விழுந்த பாகத்தைப் பிடித்து ஒதுக்க வேண்டும். ஒரு நாள் கீறல் விழுந்ததை நானே பாஸ் செய்து அனுப்பிவிட்டேன். "இன்னாம்மா, அதுக்குள்ள ஃப்ளைட் ஏறிட்டியா?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார். விசா வராவிட்டால் இந்த ஆள் முகத்திலேயே தினமும் விழிக்க வேண்டுமே என்று பயந்தேன்.

இன்னொரு பயமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. விசா வந்துவிட்டால் என்ன செய்வது? நான் ஓயாமல் பேசுகிறவள், முன்கோபி. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நாலைந்து நிமிஷம் நல்லபடியாக நடந்துகொள்கிற ஒருத்தி. நாள் முழுக்க என்னை அந்த மனிதர் தாங்குவாரா? அவர் காலையில் எழுந்து முதலில் என்ன செய்வார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வரட்டும் என்று ஒரு மனம், வராமலே போகட்டுமே என்று ஒரு மனம். அப்படி நினைத்ததற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் கூரியரில் பாஸ்போர்ட்டுகள் வந்தன. மகள்தான் பிரித்து, பக்கங்களைத் தள்ளி, "அம்மா, என் போட்டோ ஒட்டிருக்காங்க!" என்று கத்தினாள். எனக்கும் ஒட்டியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் விசா.

உடனே அவருக்குப் போன் போட்டேன். அங்கே காலை நேரம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிறகு உற்சாகமாகிவிட்டார்.

"நான் முன்கூட்டியே ஒரு காரியம் செஞ்சுட்டேன். இங்க நைட் ஷிஃப்டு வேணும்னு எழுதிக் குடுத்துருக்கேன். எப்பவும் நைட்டுதான். நீ வந்து பகல்ல வேலைக்குப் போனா பாப்பாகூட ஒரு ஆள் இருக்கணும்லா."

ஒரு பரிசு வாங்கி வைத்திருக்கிறவர் மாதிரிச் சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த லெட்டரத் திருப்பி வாங்குங்க," என்றேன். "பகல் ஷிஃப்ட் கேளுங்க. நானும் பகல்லயே வேல தேடிக்கிறேன்."

"அப்ப பாப்பாவ யாரு பாத்துக்கிடுவா?"

"அவ பகல்ல ஸ்கூலுக்குப் பூடுவா. சாயந்தரம் நம்ம ரெண்டு பேரும் வூட்ல இருப்போம்."



"சாயந்தரம் ரெண்டு பேரும் வீட்ல இருந்து என்ன செய்ய?" என்று கேட்டார்.

கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

"சும்மா உக்காந்துக்கினு இருப்போம்," என்றேன். "மொதல்ல லெட்டர வாங்குங்க."