அகப்பை எக்ஸில்டாவிடம் நின்ற கதை

ஃபிலியாஸ் லெசார் வீட்டுக்கு மருமகளாக வந்த எக்ஸில்டா, ஆற்றங்கரைக் கொல்லன் நெப்போலியோன் பெற்ற ஐந்து பெண்களில் மூன்றாமவள். மூத்தவள் கன்னியர் மடத்துக்குப் போனாள். அடுத்தவள் நூல் மில் வேலைக்கென்று எல்லை தாண்டி அமெரிக்கா போனாள். கடைசி இரண்டும் இரட்டை. ஐந்து பேரில் இவளுக்குத்தான் அந்த மூக்கு வாய்த்தது. ஏழு வயதிலேயே தெருவில் நின்றபடி யார் வீட்டில் ரொட்டி கருகுகிறது, யார் வீட்டுப் பீப்பாயில் உப்புக்கறி கெடப்போகிறது என்று சொல்லிவிடுவாள்.

"இந்தப் பொண்ணு முன்னால எவனும் ஒளிச்சு மறைச்சுக் குடிக்க முடியாது" என்று அப்பன்காரன் ஊரெல்லாம் பெருமையடித்தான். முதலில் மாட்டிக்கொண்டவனும் அவன்தான்.

ஃபிலியாஸின் மலைச்சரிவில் எண்ணூறு மேப்பிள் மரங்கள் நின்றன. மார்ச்சில் காகங்கள் திரும்பி வந்து, இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்கள் தொடங்கியதும் மரத்தைத் துளைத்து வாளி தொங்கவிடுவார்கள். சொட்டுகிற நீரைக் குதிரைச் சறுக்குவண்டியில் குடிலுக்குக் கொண்டுவந்து, நீளமான தகரத் தொட்டியில் ஊற்றிக் காய்ச்சினால் நாற்பது வாளிக்கு ஒரு வாளி பாகு தேறும். வருஷம் முழுக்க அந்த வீட்டின் தித்திப்பு அதுதான். பாகாகவும் வெல்லக்கட்டியாகவும் அடுத்த மார்ச் வரை வர வேண்டும்.

தொட்டியருகே நிற்பவர் கையில் ஓர் அகப்பை இருக்கும். ஃபிலியாஸின் தாத்தா செதுக்கியது, கைப்பிடி ஒரு முழம். அது யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் பதம். பருவம் முடிந்தது என்று "வாளி இறக்கு" சொல்கிற உரிமையும் அவருக்கே. வீட்டுக்காரனே ஆனாலும் குறுக்கே பேசக் கூடாது.

ஃபிலியாஸின் மனைவி செத்த பிறகு அகப்பை தனக்குத்தான் என்று மூத்த மகள் டோனால்டா இருந்தாள். கல்யாணம் ஆகாதவள். பதினேழு வசந்தங்கள் வாளி கழுவியவள். ஃபிலியாஸ் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு போன வருஷம், மூன்று கிண்ணங்களில் பாகு ஊற்றி வைத்துக்கொண்டு, இனி அகப்பையை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து ஏழு மாதமே ஆன எக்ஸில்டா ரொட்டித் தட்டோடு அந்தப் பக்கம் போனவள், குனியக்கூட இல்லை.

"இது வடக்குச் சரிவு. இது கல்லுக்காட்டு மரம். மூணாவதுல புகை ஏறியிருக்கு மாமா, யாரோ ஈர விறகு போட்டிருக்காங்க."

ஈர விறகு போட்டது டோனால்டா. ஃபிலியாஸ் அகப்பையை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார். டோனால்டா வாளி கழுவப் போய்விட்டாள். இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் பேசினாள். பேசாமலிருந்ததே தேவலை என்று எக்ஸில்டாவின் புருஷன் ஓவிலாவுக்குத் தோன்றியது.

ஒன்பது வசந்தங்கள் அகப்பை எக்ஸில்டா கையில் இருந்தது. ஒரு கொதிகூடக் கெடவில்லை.

பத்தாவது வருஷம் ஜனவரியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டு நாள் படுக்கை. பதின்மூன்றாம் நாள் எழுந்து காபி குடித்தால் அது வெறும் வெந்நீராக இருந்தது. டோனால்டாதான் சிக்கனம் பிடிக்கிறாள் என்று முதலில் நினைத்தாள். பிறகு அடுப்பின் மேல் காயப்போட்ட ஓவிலாவின் ஈரக் காலுறையை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. தொழுவத்துக்குப் போனாள். அங்கும் இல்லை. மாட்டின் கழுத்தில் முகம் புதைத்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். மாடுதான் திரும்பி அவளை மோந்தது.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. மூக்கில்லை என்று தெரிந்தால் அகப்பை போகும். டோனால்டா கேட்கவே வேண்டாம், தானாகப் போகும்.

கைக்கணக்கில் சமைத்தாள். இத்தனை சிட்டிகை, இத்தனை நாழி. அப்படியும் ஒருநாள் பீன்ஸில் இரண்டு தடவை உப்பு விழுந்துவிட்டது.

"என்ன எக்ஸில்டா, எங்களைப் பீப்பாயில போட்டு அடைக்கப் போறியா? அடுத்த வருஷம் வரைக்கும் கெடமாட்டோம்" என்றாள் டோனால்டா.

"கொஞ்சம் தூக்கலா இருக்கு, அவ்வளவுதான்" என்றான் ஓவிலா, மூன்றாவது தம்ளர் தண்ணீரைக் குடித்தபடி.

பிப்ரவரி முழுக்க எக்ஸில்டா பழகினாள். போன வருஷத்துப் பாகில் தண்ணீர் கலந்து, வீட்டில் யாருமில்லாத நேரம் சின்னப் பானையில் திரும்பத் திரும்பக் காய்ச்சினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நீராக இருக்கும்போது கொதி கலகலவென்று பெண்பிள்ளைகள் மாதிரி பேசும். இறுக இறுகக் குரல் கட்டும். பாகாகும் நேரத்தில் தூங்குகிறவன் உதட்டால் ஊதுகிற சத்தம் வரும். அப்புறம் கண்ணைத் திறந்து அகப்பையைச் சாய்த்துப் பார்த்தாள். பதம் வராவிட்டால் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். வந்துவிட்டால் சொட்டுகள் கைகோத்து, ஏப்ரன் விளிம்பு மாதிரி அகலமாக இறங்கும். இத்தனை வருஷமும் இதெல்லாம் கண்முன்னே நடந்துதான் இருந்தது. மூக்கு முந்திக்கொண்டு சொல்லிவிட்டதால் அவள் பார்த்ததில்லை.

மரம் சொட்டத் தொடங்கியது. முதல் கொதி இளசாகப் போய்விட்டது. வாய் திறக்காமல் மறுபடி தொட்டியில் ஊற்றிக் காய்ச்சினாள். இரண்டாவது பதத்தில் நின்றது. மூன்றாவதைக் கிண்ணத்தில் வீட்டுக்கு அனுப்பினாள். ஃபிலியாஸ் அதைப் பனியின் மேல் ஊற்றி, இழுத்துச் சுருட்டி, வாயில் போட்டு, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற புகழ்ச்சி அந்த ஓரெழுத்துதான்.

நுரை பொங்கி வழியாமலிருக்கத் தொட்டிக்கு மேலே கயிற்றில் ஒரு துண்டுப் பன்றிக்கொழுப்பு தொங்கும். நுரை ஏறி அதைத் தொட்டதும் அடங்கிவிடும். குடிலைப் பார்க்க வந்த பங்குச்சாமியார் அண்ணாந்து பார்த்தார்.

"தவக்காலத்துல மாமிசம் தொங்குதே, எக்ஸில்டா?"

"நாங்க தொடுறதில்ல சாமி. நுரைதான் நோன்பு இருக்க மாட்டேங்குது."

சாமியார் சிரித்தார். கொதிக்கும் பாகில் வெந்த முட்டை இரண்டும், பாகில் வேகவைத்த மாவு உருண்டை ஆறும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த உருண்டைக்கு அங்கே தாத்தா என்று பெயர். "சாமி ஆறு தாத்தாவை முழுங்கிட்டாரு" என்று டோனால்டா ஊரெல்லாம் சொன்னாள்.

தவக்காலம் முடிந்து உயிர்ப்பு ஞாயிறும் கழிந்தது. நான்கு நாள் வெயில். எல்லோரும் பருவம் முடிந்தது என்றிருக்கையில் ஓர் இரவு நன்றாக உறைந்தது, மறுநாள் எண்ணூறு வாளியும் நிரம்பி வழிந்தது. ஓவிலா புகையிலைக் குழாயைக் கடித்துக்கொண்டு மூன்று பீப்பாய் கொண்டுவந்து இறக்கினான்.

"ஊத்து, ஊத்து! இந்த வருஷம் இதுதான் பெரிய வரத்து! நான் போய் அப்பாவையும் ஏத்திட்டு வந்துடறேன், பாக்கணும்னாரு" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

எக்ஸில்டா ஊற்றவில்லை. தொட்டியில், வெயிலுக்கு முன் சேர்ந்த மூன்று நாள் நல்ல நீர் பாதி சுண்டி, பொன்னிறத்தில் கிடந்தது. வருஷத்துப் பாகில் பாதி அது. ஏப்ரல் கடைசியில் மேப்பிள் மரம் மொட்டு விடத் தொடங்கினால் நீர் மாறிவிடும். பார்த்தால் நீர்தான், குடித்தால் நீர்தான். காய்ச்சும்போதுதான் அந்த நாற்றம் வரும். பன்றிகூட முகத்தைத் திருப்பும். ஒரு பீப்பாய் கலந்தால் தொட்டி மொத்தமும் போச்சு. போன வருஷம்வரை முதல் ஆவியிலேயே அவள் மூக்கு சொல்லியிருக்கும்.

வாசலுக்குப் போய்ச் சரிவைப் பார்த்தாள். உச்சிக் கிளைகளில் லேசாகச் சிவப்பு. மொட்டுச் சிவப்போ, சாயங்கால வெயிலோ? திரும்பி வந்தாள். பீப்பாயிலிருந்து ஒரு செம்பு எடுத்து, சமையல் அடுப்பில் சின்னப் பானையில் காய்ச்சினாள். நுரை வந்தது. வழக்கமான வெள்ளை இல்லை, கொஞ்சம் மஞ்சள். அகப்பையில் எடுத்தால் எச்சில் மாதிரி நூல் விட்டது. அவள் ஒருமுறைகூட நுரையை வைத்து மொட்டு நீரைக் கண்டதில்லை. ஊற்றாமல் விட்டு, அது நல்ல நீரென்றால் மூன்று பீப்பாயை மண்ணில் கொட்டியவள் ஆவாள். ஊற்றிவிட்டு, அது கெட்ட நீரென்றால் மூன்று நாள் பாகையும் கொன்றவள் ஆவாள்.

குடிலில் இன்னொரு மூக்குதான் இருந்தது. அது மூலையில் வாளி கழுவிக்கொண்டிருந்தது.

"டோனால்டா, இங்க வா. இதை மோந்து சொல்லு."

"உன்கிட்ட இல்லாத மூக்கா என்கிட்ட?"

"என்கிட்ட இல்ல. ஜனவரிக் காய்ச்சல்ல போயிடுச்சு. தொழுவத்துல நின்னாலும் ஒண்ணும் தெரியல."

டோனால்டா கையைத் துடைத்தாள். துடைத்த கையையே இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள். "அதான் அந்த பீன்ஸ்" என்றாள். பிறகு பானை மேல் குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஊத்து."

எக்ஸில்டா பானையைப் பார்க்கவில்லை, டோனால்டாவைத்தான் பார்த்தாள். பத்து வருஷமாக ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிற முகம் அது. கெட்ட பாலைக் கண்டால் அந்த மூக்கின் இடது பக்கம் ஒரு மடிப்பு விழும். குனிந்தபோது அந்த மடிப்பு விழுந்தது.

"இன்னொரு தடவை மோந்து பாரு."

"ஒரு தடவை சொன்னா போதாதா?"

"போதாது. உன் வாய் ஒண்ணு சொல்லுது, மூக்கு ஒண்ணு சொல்லுது."

தொட்டிக்கடியில் விறகு வெடித்தது.

"பதினேழு வருஷம் வாளி கழுவினேன். அப்புறம் இன்னொரு பத்து. 'மோந்து பாரு, நீ என்ன சொல்றே'ன்னு ஒரு தடவைகூட எங்கப்பா என்கிட்ட கேட்டதில்ல. நீ ரொட்டித் தட்டோட வந்தே, வாங்கிட்டுப் போனே" என்றாள் டோனால்டா.

"ஆமா, வாங்கிட்டேன். திருப்பிக் கொடுக்கத் தோணல. இப்பவும் தோணலதான்." எக்ஸில்டா அகப்பையின் கைப்பிடியை அவள் பக்கம் நீட்டினாள். "வேணும்னா எடுத்துக்க. மாமா வந்ததும் நானே சொல்லிடறேன். ஆனா தொட்டியில இருக்கறது உங்க காட்டு மரத்தோட பால். எம்மேல இருக்கிற கோவத்தை அதுமேல ஊத்தாதே."

டோனால்டா அகப்பையைப் பார்த்தாள். கை கொஞ்சம் எழுந்தது. எழுந்த கை பானையைத்தான் பிடித்தது. மறுபடி குனிந்து, இந்தத் தடவை ஆழமாக இழுத்தாள். இருமிவிட்டாள்.

"தூ! அழுகின முட்டைக்கோசு. நனைஞ்ச நாய். மொட்டு வந்துடுச்சு எக்ஸில்டா, ஒரு சொட்டு ஊத்தாதே."

எக்ஸில்டா அப்போதே வாசலுக்குப் போனாள். சறுக்குவண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. ஓவிலா குதிரையை ஓட்ட, ஃபிலியாஸ் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்.

"வாளி இறக்கு!" என்று கத்தினாள்.

"என்னது? எண்ணூறு வாளியும் வழியுது, இப்பவா இறக்கறது? உனக்கு மறுபடி காய்ச்சலா?"

"இறக்குன்னா இறக்கு, ஓவிலா. பீப்பாயைக் கவுத்துடு. மொட்டு நீர்."

"எனக்கு ஒரு நாத்தமும் வரலையே!"

"உனக்கு எப்படி வரும், வாயில புகைபோக்கியே வச்சிருக்கே!"

ஃபிலியாஸ் கைத்தடியை ஊன்றி இறங்கினார். உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார். "யாரு கண்டுபிடிச்சது?"

எக்ஸில்டா நிமிர்ந்து நின்றாள். "எனக்கு மூக்கு இல்ல மாமா, ஜனவரியிலேருந்து. இந்த வருஷத்துப் பாகு எல்லாம் காதாலயும் கண்ணாலயும் காய்ச்சினேன். நுரையைப் பார்த்துச் சந்தேகப்பட்டது நான். மோந்து சொன்னது டோனால்டா. அகப்பையை யாருக்குக் கொடுக்கணுமோ கொடுங்க. ஆனா மூக்கு போனதால நான் காய்ச்சமாட்டேன்னு மட்டும் நினைக்காதீங்க."

டோனால்டா முதலில் சொன்ன பொய்யைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. டோனால்டா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிழவர் பானை மேல் குனிந்து, முகம் சுளித்து, அதை வெளியே பனியில் வீசினார். "மூணாவது கொதியும் மூக்கில்லாமத்தான் காய்ச்சினியா?"

"ஆமா."

"ம்" என்றார். பிறகு, "தொட்டியில இருக்கறதை முடிச்சுட்டு அகப்பையை ஆணியில மாட்டு, மருமவளே. அடுத்த வருஷம் நீதான் எடுக்கணும்" என்றார். மகள் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லத் தேடினார். "ஒரு ஸ்டூலை எடுத்துத் தொட்டிப் பக்கத்துல போட்டுக்க. ஆவி வர்ற பக்கமா."

அதற்கப்புறம் இருபத்திரண்டு வசந்தங்கள் எக்ஸில்டா காய்ச்சினாள். மூக்கு முழுதாகத் திரும்பவே இல்லை. நான்காம் வருஷம் மண்ணெண்ணெய் மட்டும் தெரிந்தது, அதையே திருவிழாவாகக் கொண்டாடினாள். அந்த ஸ்டூலில் டோனால்டா உட்கார்ந்து ஆவியை இழுத்து, "சரி" அல்லது "சரியில்ல" என்பாள். சில நாள் இரண்டு பேருக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோகும். அப்போதும் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிடுவாள்.

வாளி இறக்கிய அன்றைக்கு, பொன்னிறப் பாகு கலங்களில் நிறைந்தபின், எக்ஸில்டா அதிலேயே மாவு உருண்டைகளைப் போட்டு வேகவைத்தாள். ஒரு சிட்டிகை உப்புக்குக் கை நீட்டினாள். டோனால்டா உப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அகப்பை உன்கிட்ட இருக்கட்டும். இது இனிமே என்கிட்ட."