தலையில் ஒரு மல்லாட்டை

எல்லையில் சண்டை மூண்டதும் எங்கள் எல்லாருக்கும் லீவு ரத்து. சாப்பிடும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு வேறு. கொஞ்ச நாளில் கை சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்கு மார்க்கரை எடுத்து ஹெல்மெட்டின் துணி உறையில் வரைய ஆரம்பித்துவிட்டோம். கூட இருந்த பீகார்க்காரன் ஒருவன் தன் வீட்டு எருமையை வரைந்தான். கொம்பு மட்டும் இல்லையென்றால் அது நாய்தான். நான் நெற்றிக்கு நேராக, இரண்டு கண் வைத்து ஒரு மல்லாட்டையை வரைந்தேன். வளவனூர் பக்கம் எங்கள் நிலத்தில் விளைகிற நிலக்கடலை. வேறு எதுவும் எனக்கு வரைய வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"இது என்ன, எட்டா?" என்று கேட்டார் சுபேதார். கடலை என்று விளக்கினேன். "சண்டை முடிஞ்சதும் துவைச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன்!

என் மகளைப் பத்து மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்திருந்தேன். சிக்னல் கிடைத்தால் வீடியோவில் ஒரு நிமிடம் பார்ப்பேன். என் மூஞ்சியை அவள் சட்டையே செய்ய மாட்டாள். தலையைக் குனிந்து மல்லாட்டையைக் காட்டினால் கைகொட்டிச் சிரிப்பாள். "மய்யாட்ட!" என்பாள். அப்பா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒரு கடலைமேல் பொறாமைப்பட்ட தகப்பன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சண்டை ஓய்ந்து, மகளுக்கு ஒன்றரை வயது தாண்டிய பிறகுதான் லீவு கிடைத்தது. ஹெல்மெட்டை முகாமிலேயே ஒப்படைத்துவிட்டு ரயிலேறினேன். வழியெல்லாம் ஒரே கவலை. பிள்ளை என்னிடம் வருவாளா, மாட்டாளா?

வரவில்லை. விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் மனைவி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். நான் கையை நீட்டியதும் மகள் வீறிட்டு அலறினாள்.

"யாருப்பா நீ? கொயந்தய இன்னா பண்ற?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கியே வந்துவிட்டார்.

"ஐயே, அவங்கப்பாதாங்க அது!" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மகளோ என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மய்யாட்ட?" என்று தேடினாள்.

அட! பையைக் கிளறினேன், அதே மார்க்கர் இருந்தது. மனைவியின் வெள்ளை ஹெல்மெட்டை வாங்கி, அங்கேயே மல்லாட்டை வரைந்து மாட்டிக்கொண்டேன். ஒரே தாவு, மகள் என் இடுப்பில் இருந்தாள்.

"எம் புது ஹெல்மெட்டு போச்சே! இன்னாங்க நீங்க" என்றாள் மனைவி.

வெயில் கொளுத்த, இரண்டு நாள் வீட்டுக்குள் ஹெல்மெட்டோடுதான் திரிந்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது வியர்வை தாங்காமல் கழற்றி வைத்தேன். மகள் அழவில்லை. உற்றுப் பார்த்தாள். மார்க்கரை எடுத்து வந்து என் நெற்றியில் கோணலாக ஒரு வட்டம் போட்டாள். பிறகு, "ப்பா" என்றாள்.

கடைக்குக் கிளம்பினேன். "மூஞ்சியக் கழுவினு போங்க, ஜனங்க சிரிப்பாங்க" என்றாள் மனைவி.

சிரித்துவிட்டுப் போகட்டுமே! மகளைத் தூக்கிக்கொண்டு, அதே நெற்றியோடு வளவனூர் கடைத்தெரு முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தேன்.